கடலைக் காணோம்

கமாரியா அதைச் சொன்னபோது பஸ் பிடோக் சிக்னலில் நின்றிருந்தது. பக்கத்தில் அவள் கணவர் ஜுமாட் வழக்கம்போல ஓட்டுநரின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருடத்துக்கு மேல் சிங்கப்பூரில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். யாராவது பிரேக்கை அதிர அழுத்தினால் பயணியாக உட்கார்ந்திருக்கும் அவருடைய வலது கால் தானாகத் தரையை மிதிக்கும்.

"அபாங், இந்த மெஷின நிறுத்திடலாம்னு இருக்கேன்."

வீட்டில் வெங்காயம் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற அதே குரல். கட்டுப்போட்ட இடது கையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னாள். பச்சை விழுந்து பஸ் நகர்ந்தது. ஜுமாட்டின் கால் அப்போதும் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது.

"அழுவுறதா இருந்தா வீட்டுக்குப் போயி அழுங்க. எதுத்த சீட்டுப் பொண்ணு பாக்குது."

"நான் ஒண்ணும் அழல."

"அப்ப மூக்கு மட்டும் தனியா அழுவுதாக்கும்."

அவர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். "டாக்டர்கிட்ட சொல்லிட்டியா?"

"யோசிச்சுச் சொல்லுங்கன்னாரு. யோசிச்சாச்சு. ஆனா அதுக்கு முந்தி எனக்கு ஒரு ஹாலிடே வேணும். பெட்டி கட்டணும். படுக்கைய வேற யாராச்சும் விரிச்சு வச்சிருக்கணும். போயிட்டு வந்து டாக்டர்கிட்டப் பேசிக்கலாம். நீங்கதான ஊரெல்லாம் ஓட்டுனவரு, நீங்களே பிளான் போடுங்க."

சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு, ஆறு வருடமாகத் திங்கள், புதன், வெள்ளி என்று வாரம் மூன்று நாள் அவள் அந்த நாற்காலியில் போய்ச் சாய்கிறாள். ஜுமாட்டுக்கு அந்த இயந்திரத்தின்மீது இன்றுவரை பயம் கலந்த ஒரு வியப்பு. மனைவியின் உடம்பில் ஓடும் ரத்தம் ஒரு குழாய் வழியாக வெளியே வந்து, கண்ணெதிரே சுற்றி, சுத்தமாகி, இன்னொரு குழாய் வழியாகத் திரும்ப உள்ளே போகிறது. ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்த அவள் இடது கையில் காதை வைத்தால் ஓர் இரைச்சல் கேட்கும், தூரத்தில் நிற்கும் பஸ்ஸின் எஞ்சின் உறுமுகிற மாதிரி. அவள் அசந்து தூங்கும்போது அவர் அதைக் கேட்பதுண்டு. கேட்டுவிட்டு, ஒரு மனித உடம்புக்குள் இப்படி ஒரு சத்தத்தை வைத்து ஓட்ட முடிகிறதே என்று வெகுநேரம் உட்கார்ந்திருப்பார். ஆனால் ஊசி ஏறுவது அவள் கையில். கெண்டைக்கால் முறுக்கிக்கொள்வது அவளுக்கு. ஒரு நாளைக்கு இரண்டு குவளைத் தண்ணீருக்கு மேல் கூடாது என்று நாக்கு வறண்டு, பனிக்கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு கிடப்பதும் அவள்தான். அதனால் வேண்டாம் என்று அவள் சொன்னபோது, வேண்டும் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

வெளியூர் என்ற பேச்சுக்கே இடமில்லை. மெல்பர்னில் இருக்கும் மகள் சூரியாத்தி, அங்கேயும் இயந்திரம் இருக்கிறது, ஏற்பாடு செய்கிறேன் என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள். "என் ரத்தத்தக் கண்டவன் கையில குடுக்க மாட்டேன்" என்பாள் கமாரியா. ஒரு முறை எல்லை தாண்டி ஜொகூருக்குக் கல்யாணத்துக்குப் போய், திரும்பி வரும்போது பாலத்தில் வண்டிகள் நகராமல் நின்று, மறுநாள் காலை இயந்திரத்துக்குப் போக முடியாதோ என்று அவள் நடுங்கிய நடுக்கத்தை ஜுமாட்டால் மறக்க முடியாது. ஆக, விடுமுறை என்றால் வெள்ளி சாயங்காலத்துக்கும் திங்கள் காலைக்கும் நடுவில், இந்த ஊருக்குள்ளேயே. பிறந்து வளர்ந்த ஊரில் ஹாலிடே.

சிகிச்சை நிலையத்தில் விஷயம் பரவிவிட்டது. ஹாலிடே மட்டும்தான், மற்றது அல்ல. அசைய முடியாமல் வரிசையாகச் சாய்ந்திருப்பவர்களுக்கு வேறு யாராவது எங்கேயாவது போகப்போகிறார்கள் என்பதே பெரிய விருந்து. பக்கத்து நாற்காலியில் தியோ என்ற கிழவர். கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தவர்.

"கேசினோவுக்குக் கூட்டிட்டுப் போ. தோத்தாலும் ஏசி இலவசம்."

"எங்களுக்கு அதெல்லாம் ஹராம், தியோ."

"ஏசியுமா?"

கமாரியா சிரித்ததில் இயந்திரம் கீச்சிட்டது. பிலிப்பீன்ஸ்காரத் தாதி லோர்னா ஓடிவந்து அதை அடக்கிவிட்டு, "கைய ஆட்டாதீங்கக்கா" என்றாள். போகிற போக்கில், "கடலோரத்துல ஒரு கண்ணாடி மாளிகைக்குள்ள உலகத்துப் பூவெல்லாம் வச்சிருக்காங்க. போன லீவுக்குப் போயி நின்னேன் பாருங்க, வெளிய வரவே மனசில்ல" என்றும் சொல்லிவிட்டுப் போனாள். தியோவுக்கு விமான நிலையத்து அருவியும் ஞாபகம் வந்தது. உச்சியில் கப்பல் மாதிரி ஒன்றைத் தூக்கி வைத்திருக்கிற அந்த ஹோட்டலை வேறு யாரோ சொன்னார்கள்.

"எல்லாத்தையும் நேர்ல பாத்துட்டு வரேன். சும்மா காசக் கொட்டிட்டுப் பின்னால வருத்தப்படக் கூடாது" என்றார் ஜுமாட்.

அப்படித்தான் அது தொடங்கியது. அவள் இயந்திரத்தில் இருக்கும் நேரங்களில் அவர் ஒவ்வோர் இடமாகப் போய்ப் பார்த்தார். முதலில் அருவி. விமான நிலையத்துக்கு எத்தனையோ ஆயிரம் தடவை பஸ் ஓட்டியிருக்கிறார், ஆனால் வாசலில் ஆளை இறக்கிவிட்டுத் திரும்புவதோடு சரி. உள்ளே போய் நின்றவருக்குத் தலை அண்ணாந்தது அண்ணாந்தபடி நின்றுவிட்டது. கண்ணாடிக் கூரையின் நடுவில் ஒரு துளை. அதன் வழியாக வானமே ஒழுகுகிற மாதிரி தண்ணீர் ஓசையோடு பல மாடி கீழே விழுந்துகொண்டிருந்தது. சுற்றிலும் காடு. காவி உடுத்திய இரண்டு பிக்குகள், முக்காடிட்ட பெண்கள், சீனக் கல்யாண ஜோடி, சீருடையோடு ஒரு துப்புரவுத் தொழிலாளி, எல்லோரும் ஒரே மாதிரி வாயைத் திறந்துகொண்டு நின்றார்கள். இவ்வளவு காலமும் இந்த ஊரின் சாலைகளைத்தான் தெரிந்துவைத்திருக்கிறோம், ஊரை அல்ல என்று அவருக்குப் பட்டது. உடனே அவளை இங்கே கூட்டிவந்து நிறுத்த வேண்டும், அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை பொங்கியது. அப்புறம்தான் மற்றது ஞாபகம் வந்தது. ஹாலிடே முடிந்தால் டாக்டர். டாக்டரோடு பேசினால்...

"எப்படி இருந்துச்சு?" என்று அன்று கேட்டாள்.

"ஒரே இரைச்சல். தலவலிதான் வரும்."

கண்ணாடி மாளிகைக்குள் மலையுச்சிக் குளிரில் அவர் பெயர் தெரியாத பூக்களுக்கு நடுவே நின்று, ஒரு பூவைத் தொட்டுப் பார்க்கப் போய்க் காவலாளியிடம் திட்டு வாங்கினார். வீட்டுக்கு வந்து, "குளிரு. உனக்கு ஒத்துக்காது" என்றார். கப்பல் ஹோட்டலின் உச்சியிலிருந்து தான் ஓட்டிய சாலைகள் எல்லாம் நூல் பிரிந்த மாதிரி கிடப்பதைப் பார்த்தார். மசூதி, சீனர் கோயில், மாதா கோயில், இந்துக் கோபுரம் எல்லாம் ஒரு கையளவு இடத்துக்குள் தோளோடு தோள் நின்றன. "உசரம். தல சுத்தும்" என்றார் அவளிடம். வாரங்கள் போயின. டிசம்பர் மழை பிடித்துக்கொண்டது. மழையையும் ஒரு காரணமாகச் சேர்த்துக்கொண்டார்.

ஒரு நாள் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் கேட்டாள்.

"நல்லாருந்துச்சா?"

"எது?"

"எல்லாந்தான். வந்து நிக்கும்போதெல்லாம் உங்க மூஞ்சி கல்யாணத்துக்குப் போயிட்டு வந்த மூஞ்சியா இருக்கு. வாய் மட்டும் சாவு வீட்டுல இருக்கு."

அவர் குவியலிலிருந்து ஒரு சட்டையை எடுத்து மடிக்கத் தொடங்கினார்.

"நீங்க பிளான் போடறத இழுத்துக்கிட்டே போனா, நானும் இழுத்துக்கிட்டே கிடப்பேன்னு பாக்குறீங்களா, அபாங்?"

மடித்த சட்டையை அவர் கையிலிருந்து வாங்கி, அவர் தப்பாக மடித்திருந்ததை உதறி மறுபடி மடித்தாள். கோபம் இல்லை. அதுதான் அவரை அதிகம் உலுக்கியது. பிறகு கைபேசியை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். வெளியே வந்தபோது காரியம் முடிந்திருந்தது. பள்ளி விடுமுறைக் காலம், எங்கேயும் இடம் இல்லை, யாரோ ரத்து செய்ததில் ஒன்றே ஒன்று கிடைத்ததாம். சாங்கியில், கடலோரத்தில் வரிசையாக இருக்கும் ஓட்டு வீடுகளில் ஒன்று. வருகிற சனிக்கிழமை.

"சாங்கியா? அங்க என்ன இருக்கு? என் பஸ்ஸோட கடைசி ஸ்டாப் அது. ஒண்ணுமே கிடையாது."

"ஒண்ணுமில்லாத இடமே போதும் எனக்கு."

சனிக்கிழமை பெட்டியோடு பஸ் ஏறினார்கள். முக்கால் மணி நேரப் பயணத்துக்குச் சக்கரம் வைத்த பெரிய பெட்டி, மெல்பர்னுக்குப் போக வாங்கி ஒரு முறைகூடப் போகாத பெட்டி. கமாரியா ஊதா நிறத்தில், கணுக்கால்வரை நீண்ட புது பாஜு குரோங் உடுத்தியிருந்தாள். கடைசி நிறுத்தத்தில் இறங்கியதும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "பொண்டாட்டிய ஹாலிடேன்னு பஸ் டிப்போவுக்குக் கூட்டிட்டு வந்த ஒரே ஆளு நீங்கதான்" என்றாள்.

"புக் பண்ணது யாரு?"

"பிளான் போடச் சொன்னது யாருகிட்ட?"

வீட்டில் படுக்கை விரித்திருந்தது. அவள் அதைத் தொட்டுப் பார்த்து, மூலையை இழுத்துச் சரிசெய்து, பிறகு ஞாபகம் வந்தவளாகக் கையை எடுத்துக்கொண்டாள். மழை கொட்டியது. மதியம் முழுக்க இருவரும் ஜன்னலோரம் உட்கார்ந்து கடல் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தைப் பார்த்தார்கள். ஜுமாட் கண்ணயர்ந்துவிட்டார்.

"அபாங்! எந்திரிங்க! கடலக் காணோம்!"

அவள் வாசலுக்கு அப்பால் தாழ்வான கல்சுவரின் அருகே நின்று கத்திக்கொண்டிருந்தாள். அவர் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார். மழை விட்டு, மேகத்துக்குக் கீழே சூரியன் மஞ்சளாகச் சாய்ந்திருந்தது. கடல் இல்லை. சுவரை அடித்துக்கொண்டிருந்த தண்ணீர் தொலைவுக்குப் பின்வாங்கி, ஒரு வெள்ளிக் கோடாக மட்டும் தெரிந்தது. அது விட்டுப்போன இடத்தில் புது நிலம் ஒன்று கிடந்தது. வரி வரியான மணல், பச்சைப் புல்வெளி, அங்கங்கே வானத்தைப் பிடித்துவைத்த குட்டைகள். எல்லாம் ஈரமாக, அப்போதுதான் படைக்கப்பட்ட மாதிரி மின்னின.

"சுப்ஹானல்லாஹ்" என்றார் ஜுமாட். இறைவன் படைப்பை வியக்கும் அந்தச் சொல் தானாக வந்தது.

கமாரியா அதற்குள் படியில் இறங்கிவிட்டாள்.

மணல் உறுதியாக இருந்தது. கடல்புல் வாரிவிட்ட கூந்தல் போல ஒரே பக்கமாகப் படிந்திருந்தது. கொஞ்ச தூரத்தில் ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு சீனப் பெண், நாற்பது வயதிருக்கும், குனிந்து குனிந்து நடந்துகொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் கையை உயர்த்தினாள்.

"ஆண்ட்டி, பாத்து! உங்க கால் முன்னாடி ஆள் இருக்காங்க!"

கமாரியா தூக்கிய காலை அந்தரத்திலேயே நிறுத்தினாள். மணலில் சாப்பாட்டுத் தட்டைவிட அகலமாக ஒரு மலர் விரிந்திருந்தது. பழுப்பும் பச்சையுமாக, விரல் நுனி போன்ற ஆயிரம் இதழ்கள், தேங்கிய ஒரு சாண் தண்ணீரில் மெல்ல அசைந்தன. அதன்மேல், கண்ணாடியால் செய்த மாதிரி உடம்பும் உள்ளே வெள்ளைப் புள்ளியுமாக ஓர் இறால் நடந்து போயிற்று.

"பூவா இது?"

"பூ இல்ல, உயிருள்ள ஜந்து. கடல் சாமந்தின்னு சொல்லுவாங்க. நான் சியூ பெங். பல் ஆஸ்பத்திரியில வேலை. கடல் இப்படி ரொம்ப உள்வாங்குற நாள்ல வந்துடுவேன்" என்றாள் அவள். "இன்னிக்கு மாதிரி வருஷத்துல கொஞ்ச நாள்தான். வாங்க, காட்டுறேன்."

அவள் காட்டக் காட்ட அந்த வெற்று மணல் முழுக்க ஆட்களால் நிறைந்திருந்தது. காலடிச் சத்தம் கேட்டு மணலுக்குள் மூழ்கும் நட்சத்திர மீன்கள். கொட்டைப் பாக்கு அளவில் இளஞ்சிவப்புக் கடல் அட்டைகள். இறகுப் பேனாவைக் குத்திவைத்த மாதிரி நிமிர்ந்து நின்ற ஏதோ ஒன்று. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஜுமாட்டோடு சண்டைக்கு வந்த ஒரு நீல நண்டு. தலைக்கு மேல் ஒரு விமானம் சக்கரங்களை இறக்கிக்கொண்டு விமான நிலையத்துக்குள் இறங்கியது. அதன் விளக்கு எல்லாக் குட்டைகளிலும் ஒன்றன்பின் ஒன்றாகப் பளிச்சிட்டு ஓடியது. அக்கரையில் உபின் தீவின் மரங்கள் கறுத்துக்கொண்டிருந்தன. இதே சுவரின் மறுபக்கம் பஸ்ஸை நிறுத்திவிட்டு, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எத்தனை பொட்டலம் நாசி லெமாக் தின்றிருப்போம் என்று ஜுமாட் நினைத்தார். பக்கத்திலேயே இவ்வளவும் இருந்திருக்கிறது. யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் இருந்திருக்கிறது.

கமாரியா இன்னொரு கடல் சாமந்திக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். அது தண்ணீரில்லாத மேட்டில் சிக்கி, சுருங்கி, கசக்கிப்போட்ட துணி மாதிரி கிடந்தது.

"செத்துப்போச்சா?"

"இல்லல்ல. தண்ணி போனா சுருங்கிக்கும். தண்ணி திரும்பி வந்தா விரிஞ்சுக்கும். டெய்லி இதே வேலதான் அதுக்கு" என்றாள் சியூ பெங்.

"எத்தன நாளைக்கு?"

"யாரும் மிதிக்காம இருந்தா ரொம்ப வருஷம், ஆண்ட்டி. நம்மளவிட ஜாஸ்தி இருக்கும்னுகூடச் சொல்றாங்க."

"சலிச்சுப் போகாது?"

சியூ பெங் சிரித்தாள். "நான் கேட்டதில்ல. நீங்க கேட்டுப் பாருங்க."

கமாரியா சிரிக்கவில்லை. அதனருகே முகத்தைக் கொண்டுபோய், உண்மையாகவே ஏதோ கேட்பதுபோல வெகுநேரம் பார்த்தாள். பிறகு எழுந்து நடக்கத் தொடங்கினாள். வீட்டிலிருந்து மின்தூக்கி வரை போவதற்குள் இரண்டு முறை நிற்பவள், வெள்ளிக் கோட்டை நோக்கி, பாஜு குரோங்கை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்காமல் போனாள். ஜுமாட் பின்னாலேயே போகலாம் என்று எடுத்த காலை ஏனோ நிறுத்திக்கொண்டார். அவள் அப்படி நடந்து அவர் பார்த்துப் பல காலம் ஆயிற்று. பார்த்துக்கொண்டே நின்றார்.

"அங்கிள், தண்ணி திரும்புது. ஆண்ட்டியக் கூப்பிடுங்க" என்றாள் சியூ பெங்.

அப்போதுதான் கவனித்தார். அவள் நின்ற மணல் திட்டுக்கும் அவருக்கும் நடுவே, சற்றுமுன் வெறும் ஈரமாக இருந்த பள்ளத்தில் சத்தமே இல்லாமல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"கமாரியா!"

அவள் திரும்பவில்லை. குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். ஜுமாட் பள்ளத்தில் இறங்கினார். முழங்காலுக்கு வந்தது தண்ணீர், பிறகு தொடைக்கு. மழையில் குளிர்ந்த தண்ணீர். காலுக்கடியில் மணல் நழுவியது. இந்த மனிதர் வாழ்க்கையில் எத்தனையோ வளைவுகளில் பஸ்ஸைத் திருப்பியவர், அந்தச் சில அடிகளில் பயந்த மாதிரி எங்கேயும் பயந்ததில்லை. திட்டில் ஏறி அவளிடம் போய்ச் சேர்ந்தபோது மூச்சு வாங்கியது.

"உஷ்" என்றாள் அவள். "கத்தாதீங்க. இங்க பாருங்க."

குட்டையில் ஒரு பாசியைத் தன் வாலால் சுற்றிப் பிடித்துக்கொண்டு, சுண்டுவிரல் நீளத்தில் ஒரு கடல் குதிரை நின்றிருந்தது. உள்ளே வரத் தொடங்கிய தண்ணீர் பாசியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்தது. அது விடவில்லை. தலையைக் குனிந்து, வாலை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றி, ஆடிக்கொண்டே நின்றது.

"போலாம். தண்ணி ஏறுது" என்றார் அவர், தானும் பார்த்துக்கொண்டே.

"ம்."

"கமாரியா."

"வரேன்னுதான சொல்றேன்."

அவள் கையை நீட்டினாள். இடது கையை. அந்த அவசரத்திலும் அவர் அதைத் தொடாமல், சுற்றிப்போய் வலது கையைப் பிடித்தார். இருவரும் பள்ளத்தில் இறங்கினார்கள். இடுப்புக்கு ஏறிய தண்ணீர் அவள் உடுப்பைப் பந்தாக ஊதிப் பெருக்கியது. இடது கை நனையாமல் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தாள், பஸ்ஸை நிறுத்தச் சொல்கிறவள் மாதிரி. நடுவில் கால் சறுக்கி அவர்மேல் சாய்ந்தாள். அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அவள் குலுங்குவது தெரிந்து பதறிப்போய் முகத்தைப் பார்த்தால், சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஹாலிடேக்கு வந்து பொண்டாட்டியக் கடல்ல தள்ளப் பாத்தாருன்னு பேப்பர்ல வரும்."

"வாய மூடிக்கிட்டு நட."

சியூ பெங் கரையில் கையை நீட்டி அவளை ஏற்றிவிட்டாள். தன் துண்டைக் கொடுத்துவிட்டு, அவர்கள் பத்திரமாகச் சுவரேறுவதைப் பார்த்த பிறகே போனாள். மஃரிப், அந்தித் தொழுகை நேரம் ஆகிவிட்டது. வீட்டுக்குள் ஓடிப்போய் உடுப்பு மாற்றி, கால் கழுவி, ஜுமாட் புல்தரையில் பாய் விரித்துத் தொழுதார். நெற்றி தரையில் பட்டபோது எப்போதும் கேட்கிற எதையும் அன்று கேட்கத் தோன்றவில்லை. சற்று அதிக நேரமே தலையைத் தரையில் வைத்திருந்தார்.

இரவுத் தொழுகையும் முடித்து அவர் வெளியே வந்தபோது கமாரியா சுவரில் உட்கார்ந்திருந்தாள். உலர்ந்த உடுப்பும் தோளில் துண்டும். இப்போது கடல் திரும்பிவிட்டது. சுவரடியில் தண்ணீர் லேசாக அடித்தது. மணலும் புல்லும் குட்டைகளும் இருந்ததற்கு ஒரு தடயமும் இல்லை. தூரத்தில் நங்கூரமிட்ட கப்பல்கள் விளக்கேற்றியிருந்தன. அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"டாக்டர்கிட்ட என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல" என்றாள்.

"யோசிச்சாச்சுன்னு சொன்னியே."

"அப்ப யோசிச்சது அது. இப்பத் தெரியல."

அவர் அவள் தோளில் சரிந்த துண்டை இழுத்துவிட்டார். ஏதாவது சொன்னால் எது எந்தப் பக்கம் சாயுமோ என்றிருந்தது. ஒரு விமானம் தாழ்வாக வந்து, அதன் வெளிச்சம் கறுத்த தண்ணீரின்மேல் நீளமாக இழுபட்டுப் போயிற்று. அது போனபின் கடல் முன்னைவிட இருட்டாகத் தெரிந்தது. கமாரியா சுவரிலிருந்து முன்னால் சாய்ந்து, எதுவும் தெரியாத அந்த இருட்டுக்குள் உற்றுப் பார்த்தாள்.

"இந்நேரம் எல்லாம் விரிஞ்சிருக்கும்ல?"

கீழே தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.